பையை விட்டு வெளியே வரும் கேமரா

"முதல் கேமரா வாங்கப் போகிறேன், எது வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், மாடல் பெயர் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைப் பையிலிருந்து எடுப்பீர்களா? பலர் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் முதலில் வாங்கியது நிக்கான் டி 5300. அந்த வருடம் பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழாவுக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். நான்கு மாட வீதிகளையும் சுற்றினேன். பல்லக்குகள் வரிசையாக வந்தன. நீர்மோர்ப் பந்தல், பலூன்காரர், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைகள். மூன்று தடவை பையின் ஜிப்பைத் திறந்தேன், மூன்று தடவையும் மூடினேன். ஒரு படம்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன். கேமரா பீரோவுக்குள் போய்விட்டது. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள். பங்கஸ், அதாவது பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்தில், இருட்டில் பூட்டி வைத்த லென்ஸுக்கு அதுதான் கதி.

அதனால்தான் கேமரா வாங்குவதையும் பயத்தைக் கழற்றுவதையும் நான் ஒரே வேலையாகப் பார்க்கிறேன். கீழே சொல்வதும் அந்த வரிசையில்தான் இருக்கும்.

பயத்தைப் பிரித்து எழுதுங்கள்

"எனக்குக் கூச்சம்" என்று மொத்தமாகச் சொன்னால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு தாளை எடுத்து, என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறோம் என்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது ஒரு பயம். "யாரைக் கேட்டு எடுத்த?" என்று ஒருவர் சண்டைக்கு வருவார் என்பது வேறு பயம். இவ்வளவு விலை கொடுத்ததைக் கீழே போட்டுவிடுவோமோ, யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களோ என்பது இன்னொன்று. பட்டன் தெரியாமல் தடுமாறுவதை மற்றவர்கள் பார்ப்பார்களே என்பதும் உண்டு. பெண்கள் தனியாகப் போகும்போது வரும் தயக்கம் தனி. அதைக் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது, அது நியாயமான எச்சரிக்கை. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போவதுதான் அதற்கு வழி.

இந்தத் தாள் கேமராக் கடையிலும் உதவும். மற்றவர்கள் பார்ப்பதுதான் முக்கியப் பயம் என்றால் உங்களுக்கு வேண்டியது சின்ன பாடி (லென்ஸைக் கழற்றினால் மிஞ்சும் கேமரா), சின்ன லென்ஸ், சத்தமில்லாத ஷட்டர். உடைந்துவிடும் என்ற பயம் என்றால் செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். ஏற்கெனவே இரண்டு கீறல் விழுந்த கேமராவைக் கை தயங்காமல் எடுக்கும். தவணையில் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடன் பாக்கி இருக்கும் பொருளைக் கடற்கரைக்குக் கொண்டுபோக மனம் வராது. பட்டன் குழப்பம்தான் பயம் என்றால் மிரர்லெஸ் நல்லது. காரணம் கீழே சொல்கிறேன்.

ஒரு மாதம் போனில் எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் கையில் இருக்கும் போனிலேயே எடுத்துப் பாருங்கள். தினமும் ஒரு படம் போதும். மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போன் எங்கே கைவிட்டது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தில் இருந்த மீன்கொத்தி ஒரு புள்ளியாகத் தெரிகிறதா? வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தை கலங்கி விழுந்திருக்கிறதா? முகத்துக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கும்போது காது ஓரமும் முடியும் செயற்கையாக அழிந்திருக்கிறதா? முதலாவது என்றால் நீங்கள் தேடுவது நீளமான லென்ஸ். மற்ற இரண்டும் என்றால் எஃப் 1.8 மாதிரி அகலமாகத் திறக்கும் லென்ஸ் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது). குறை ஒன்றுமே இல்லை என்றால் இப்போதைக்குக் காசைச் சேமியுங்கள்.

கேமராவைத் தேர்ந்தெடுப்பது

மெகாபிக்சல் எண்ணை மறந்துவிடுங்கள். இன்று கிடைக்கும் பெரும்பாலானவற்றில் 20-க்கு மேல் இருக்கிறது, பெரிய பிரிண்ட்டுக்கே அது போதும். பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லின், அளவு. ஃபுல் ஃப்ரேம் என்றால் 36 × 24 மி.மீ. ஏ.பி.எஸ்.-சி என்றால் சுமார் 23.5 × 15.6 மி.மீ., கேனனில் அதைவிடக் கொஞ்சம் சிறியது. பொழுதுபோக்குக்கு ஏ.பி.எஸ்.-சி தாராளமாகப் போதும். ஃபுல் ஃப்ரேமில் பாடியைவிட லென்ஸ்கள்தான் விலையும் எடையும் கூடியவை. அந்தப் பை கனக்க ஆரம்பித்ததும் வீட்டிலேயே தங்கிவிடும்.

அடுத்த கேள்வி டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா? டி.எஸ்.எல்.ஆரில் உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாக நிஜக் காட்சியைப் பார்க்கிறீர்கள். படம் இருட்டாக வந்ததா, வெளுத்துப் போனதா என்பது கிளிக் செய்த பிறகுதான் தெரியும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் படம் எப்படி வரும் என்பது கிளிக் செய்வதற்கு முன்பே வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னல்) தெரிந்துவிடும். புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய தைரியம். எதிரே ஒருவர் நிற்கும்போது, எடுத்து, பார்த்து, திருத்தி, மறுபடி எடுக்கிற நேரம் மிச்சமாகிறது. சத்தமில்லாமல் எடுக்கும் வசதியும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்த வசதியை எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் போட்டால் படத்தில் கோடு கோடாக விழலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மிரர்லெஸ்ஸின் குறை பேட்டரி. நிக்கான் டி 3500 ஒரு சார்ஜில் 1,550 படம் தரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்ன மிரர்லெஸ்கள் பொதுவாக 300, 400 படத்தில் நிற்கும். இன்னொரு பேட்டரிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு 2018-இல் வந்த டி 3500 இன்றும் நல்ல கேமரா, பேட்டரியோடு 415 கிராம்தான். புதிதாக வாங்குபவர் 2023-இல் வந்த கேனன் ஆர் 50-ஐக் கையில் பிடித்துப் பார்க்கலாம். அதே வருடம் வந்த கேனன் ஆர் 100 விலை குறைவு, ஆனால் அதன் திரை நிலையாக இருக்கும், தொட்டாலும் வேலை செய்யாது. நிக்கான் இசட் 30, சோனி இசட்.வி.-இ 10 இரண்டும் வீடியோவுக்குப் பெயர் பெற்றவை, ஆனால் வியூஃபைண்டரே கிடையாது. நம் ஊர் உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. கூச்சம் உள்ளவர்களுக்கு வியூஃபைண்டர் அவசியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதில் கண்ணை வைத்துவிட்டால் சுற்றியிருக்கும் நாலு பேர் மறைந்துபோகிறார்கள், ஃப்ரேமுக்குள் இருப்பது மட்டும் மிஞ்சுகிறது.

பாடி ஐந்தாறு வருடத்தில் மாறும், லென்ஸ் கூடவே வரும். அதனால் எந்த மவுண்ட் (பாடியில் லென்ஸை மாட்டும் வளையம்) என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கேனனின் பழைய ஈ.எஃப். மவுண்ட் 1987-இலிருந்தும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்தும் இருப்பவை. பழைய லென்ஸ்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. இரண்டு நிறுவனங்களும் 2018-இல் மிரர்லெஸ்ஸுக்குப் புது மவுண்டுக்கு மாறிவிட்டன. குறைந்த காசில் நிறைய லென்ஸ் வேண்டும் என்பவருக்குப் பழையது, பல வருடம் ஒரே வரிசையில் தொடர நினைப்பவருக்குப் புதியது.

லென்ஸ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை ஆறு மாதம் பயன்படுத்துங்கள். அப்புறம் எடுத்த படங்களின் விவரத்தைப் பார்த்தால் எந்த நீளத்தில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். 35-ஐச் சுற்றி நின்றால் 35 மி.மீ. எஃப் 1.8, 55-இலேயே முட்டிக்கொண்டு நின்றால் 50 மி.மீ. எஃப் 1.8. ஏ.பி.எஸ்.-சியில் 50 என்பது ஃபுல் ஃப்ரேமின் 75 அல்லது 80 போல நெருக்கமாகக் காட்டும். முகத்துக்கு அருமை, சின்ன அறைக்குள் சிரமம். வேடந்தாங்கல் மாதிரி இடத்துக்குப் போகிறவர்களுக்கு 300 மி.மீ.க்குக் குறைந்தால் நாரை ஒரு பொட்டாகத்தான் விழும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

இதில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். பங்கஸ் பிடித்த லென்ஸுக்குப் பதிலாக ஒரு கடையில் பழைய நிக்கான் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தது. மாட்டினேன், ஃபோகஸ் ஆகவே இல்லை. லென்ஸில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்த 'டி' வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். நிக்கானின் டி 3000, டி 5000 வரிசை பாடிகளில் அந்த மோட்டாரே இல்லை. விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏ.எஃப்.-எஸ், ஏ.எஃப்.-பி (உள்ளே மோட்டார் உள்ளவை) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

உங்கள் மெமரி கார்டையும் போனையும் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். லென்ஸின் பின்பக்க மூடியைக் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், கவலை இல்லை. கிளை விட்ட இழையாகத் தெரிந்தால் பங்கஸ், வைத்துவிடுங்கள். லென்ஸை மாட்டிய பிறகு இலேசாகத் திருகிப் பார்த்தால் மவுண்ட் ஆடக் கூடாது. எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம், மூடியைப் போட்டுவிட்டு சில விநாடி ஒரு படம் எடுங்கள். முதல் படத்தில் கறை தெரிந்தால் சென்சாரில் அழுக்கு, சுத்தம் செய்துகொள்ளலாம். இரண்டாவதில் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் நிறைய மின்னினால் யோசியுங்கள். நிக்கான் என்றால் எடுத்த படத்தின் கோப்பிலேயே ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்ற எண் பதிவாகியிருக்கும். டி 3500, டி 5600 மாதிரி பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் கிளிக் வரை சோதிக்கப்பட்டவை, 20,000 ஓடியது என்றால் இளசு. கேனனில் பெரும்பாலும் இந்த எண் படத்தில் வராது, பாடியின் தேய்மானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பில்லில் இருக்கும் எண்ணும் பாடியின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா? பில் இல்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

படிக்கட்டு

கேமரா வந்தாயிற்று. இனி தாளில் எழுதிய பயத்துக்கு வருவோம்.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறு பையனைப் பற்றி எழுதினார். கட்டுரையில் அவன் பெயர் பீட்டர். சிகிச்சை தொடங்கும்போது மூன்று வயதுகூட நிறையவில்லை, முயலைப் பார்த்தாலே அலறுவான். முதலில் முயலுக்குப் பயப்படாத குழந்தைகளோடு அவனை விளையாட விட்டார்கள், பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்தது. நடுவே அவனுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இருந்தான். வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்து பயமுறுத்த, பழைய பயம் முழுதாகத் திரும்பிவிட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார்கள். அடுத்தடுத்த தடவைகளில் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் கிட்டே. கடைசியில் முயல் அவன் விரலைக் கடித்து விளையாடும் அளவுக்கு வந்துவிட்டான்.

நமக்கும் வழி இதுதான். பயப்படும் விஷயங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை ஏணி மாதிரி அடுக்க வேண்டும். ஒரு படியில் நின்று, நெஞ்சு படபடப்பு அடங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். படபடக்கும்போதே ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அறுபத்து மூவரில் நான் செய்தது அதுதான்.

என் ஏணியைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் கேமராவைப் பைக்குள் வைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன். படம் எடுக்கவில்லை, மாட்டிக்கொண்டு நடந்ததுதான் பயிற்சி. இரண்டாம் நாள் கடைக்காரர் "என்ன சார், கல்யாண ஆர்டரா?" என்று கேட்டார். இல்லை, பழகுகிறேன் என்றேன். நான் பயந்த அந்தக் கேள்வி அவ்வளவுதான், அதோடு முடிந்தது. அடுத்து ஆளில்லாத பொருள்கள்: சைக்கிள், கோலம், பூட்டிய கதவு. அப்புறம் விடிகாலை மெரினா. அங்கே எல்லோரும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பதால் உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். மனிதர்களைத் தூரத்தில், முகம் தெரியாமல், சூரியனுக்கு எதிரே நிழலுருவாக எடுங்கள். அதன் பிறகு தெரிந்தவர்கள்: இஸ்திரி போடுபவர், பூக்கார அக்கா, வாட்ச்மேன். கேட்டுவிட்டு எடுங்கள். கடைசிப் படிதான் முன்பின் தெரியாதவர்.

எனக்கு அந்தக் கடைசிப் படி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அமைந்தது. காலை ஐந்தரை. படகிலிருந்து கூடை கூடையாக இறங்குகிறது, ஏலக் குரல் ஒரு பக்கம், ஐஸ் உடைக்கும் சத்தம் ஒரு பக்கம், செருப்புக்கு அடியில் மீன் தண்ணீர். வஞ்சிரத்தை வரிசையாக அடுக்கி வைத்திருந்த ஓர் அம்மாவின் முன் பத்து நிமிடம் நின்றிருப்பேன். தொண்டை வறண்டுபோயிருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"இன்னா தம்பி, மீன் வாங்குறியா, இல்ல பாத்துனே நிக்கப் போறியா?"

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?"

"எடு, எடு. இரு, முந்தானைய சரி பண்ணிக்கிறேன்."

அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து, நேராக லென்ஸைப் பார்த்தார். மீனின் முதுகில் மேலே தொங்கிய குண்டு பல்பு நீளமாக மின்னியது. மூன்று படம் எடுத்தேன். அடுத்த ஞாயிறு ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். பக்கத்து அக்காவும் தன்னை எடுக்கச் சொன்னார். அதன் பிறகு அங்கே எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. நீங்களும் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள், மறுபடி அந்தத் தெருவுக்குள் நுழைவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. அந்த இரண்டு மாதம் தவிர்த்துப் போனால்தான் இந்தக் காட்சி கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய துறைமுகத்தின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

யாராவது வேண்டாம் என்றால் உடனே கேமராவைத் தாழ்த்துங்கள். "சரிங்க, பரவாயில்லை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நகருங்கள். எடுத்த பிறகு ஆட்சேபித்தால் அவர் கண்ணெதிரே அழித்துக் காட்டுங்கள், வாதம் செய்ய வேண்டாம். குழந்தைகள் என்றால் அம்மாவையோ அப்பாவையோ கேட்காமல் எடுக்கக் கூடாது. ராணுவ இடம், விமான நிலையம் பக்கம் போகாதீர்கள். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோவதற்கே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை சொல்லியிருக்கிறது. கோபுரத்தை வெளியிலிருந்து எடுங்கள், உள்ளே வேண்டுமானால் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு நாள் திட்டு வாங்குவீர்கள். பீட்டருக்கு நாய் வந்த மாதிரி. ஏணியில் இரண்டு படி கீழே இறங்கி, தெரிந்த பூக்கார அக்காவிடமிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். ஆனால் வீட்டை விட்டு இறங்கவே பயம், கூட்டத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது என்ற அளவில் இருந்தால் அதைக் கேமரா சரி செய்யாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) கட்டணமில்லாமல் பேசலாம்.

வெளியே போகும்போது வைக்க வேண்டியவை

தெருவில் நின்று மெனுவைத் தேடக் கூடாது. வீட்டிலேயே அபர்ச்சர் பிரையாரிட்டியில் (திறப்பை நாம் வைத்தால் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) ஆட்டோ, அதன் உச்ச வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 என்று வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நடக்கிற மனிதருக்கு 1/250 போதும். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் சகித்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

திரும்பி வந்த பிறகு

கேமராவைத் தோல் பைக்குள் போட்டுப் பீரோவில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். சமையலறைச் சாமான் வைக்கும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் நிறம் மாறும் சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீட்டர். இவ்வளவுதான் வேண்டும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறியதும் திரும்பப் போடுங்கள். கடற்கரைக்குப் போன நாளில் டப்பாவில் வைப்பதற்கு முன் இலேசாக ஈரம் தொட்ட துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது லென்ஸை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுங்கள்.

என் பழைய 18-55-ஐ ஒரு மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். இழைகள் போய்விட்டன, கண்ணாடியின் பூச்சில் ஓர் ஓரமாக மங்கலான தடம் மட்டும் இருக்கிறது. சூரியனுக்கு எதிரே பிடித்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெளிச்ச மூட்டம் விழும். அதே லென்ஸில்தான் வஞ்சிரக்கார அக்காவை எடுத்தேன்.